தலைவர் கையால் ஒரு பெயர்

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பெயரால் பட்டது போதும்.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதணி விழா, கிரகப்பிரவேசம், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எது நடந்தாலும் ஜனங்கள் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பெயர்களை டைப் அடிப்பதுதான் என் பிழைப்பு. தாய்மாமன் பெயர் சின்னதாக விழுந்துவிட்டதென்று பேனரையே சுருட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில் நாலரை வயது மகளை ‘பாப்பா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். காரணம், நான் தலைவரின் ரசிகன். வெறும் ரசிகன் இல்லை, பதினாறு வருஷமாக எங்கள் ஊர் ரசிகர் மன்றத்தின் நகரச் செயலாளர்.

எங்கள் மன்றத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால் பெயரைத் தலைவர்தான் வைக்க வேண்டும். தலைவரைப் பார்ப்பது எந்தக் காலத்தில் நடக்குமோ, அதுவரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. வெளியில் இருப்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். உள்ளே இருப்பவனுக்கு அதில் ஒரு கெத்து.

மகள் பிறந்த முப்பதாம் நாள் வீட்டில் சொந்தபந்தம் கூடியது. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, விரலால் பெயரை எழுதி, அத்தைக்காரி குழந்தையின் காதில் மூன்று தரம் சொல்ல வேண்டும். என் தங்கை அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எதையும் எழுத நான் விடவில்லை. என் மனைவி மனதில் ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை என்னிடம் சொல்ல வந்தபோது, “சொல்லாத, கேட்டா எனக்கு மனசு மாறிப்போகும்” என்று கையமர்த்தினேன். அன்றைக்குப் பரப்பிய அரிசியை மறுநாள் சோறாக்கினார்கள்.

மனைவி ஒரு வருஷம் போலச் சண்டை போட்டாள். அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டாள். சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

தலைவர் வந்து பெயர் வைக்கும் மன்ற மாநாடு நாலு வருஷம் தள்ளித் தள்ளிப் போனது. ஷூட்டிங் என்றார்கள், மழை என்றார்கள், மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள். போன ஏப்ரலில் மாவட்டத்திடமிருந்து போன் வந்தது. மாவட்டம் என்றால் மன்றத்தின் மாவட்டத் தலைவர். நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். மாவட்டத்தில் எந்த மூலையில் தலைவருக்கு பேனர் கட்டினாலும் அதை என் கடையில் அடிக்கச் சொல்வார். என்னைத் தம்பி என்பார், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.

“தம்பி, அடுத்த மாசம் மெட்ராஸ்ல மாநாடு. பேர் வைக்கிற நிகழ்ச்சி இருக்கு. லிஸ்ட்ல மொதப் பேரு ஒன் மகதான். அண்ணன் சொன்னா சொன்னதுதான்.”

அன்றைக்குக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கூட்டிட்டுப் போங்க. நான் வரலை.”

“ஏன், நீயும் வா. எல்லாரும் குடும்பத்தோடதான் வாராங்க.”

“ஜூன்ல புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும். அதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டு வாங்க. எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

சம்மதம் கிடைத்த சந்தோஷத்தில் அவள் குரலை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

விடியும்போது புதுக்கோட்டையைத் தாண்டுகிற ரயில் அது. மனைவி பாப்பாவுக்குப் புதுப் பாவாடை சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். வாந்தி வராமல் இருக்க மோந்து பார்த்துக்கொள்வதற்கு. வாசலில் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னாள். பத்திரமாக இரு என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

பாப்பாவுக்கு அதுதான் முதல் ரயில். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். குமாரமங்கலம் தாண்டும் வரை ஆடு, மாடு, மின்கம்பம் என்று ஒன்றையும் விடாமல் எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, தலைவரு ரொம்பப் பெரிய ஆளா?”

“பின்ன?”

“போலீஸவிடப் பெரியவரா?”

“போலீஸே அவரப் பாத்தா கை குடுக்கும்.”

“அவரு சொன்னா எல்லாரும் கேக்கணுமா?”

“கேட்டுத்தான் ஆகணும்.”

கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். “அவரு ஒரு பேரு வச்சா, அப்பறம் மாத்த முடியாதாப்பா?”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. விவரமாகக் கேட்கிறாளே என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். “மாத்தவே முடியாது. அவரு வச்சா வச்சதுதான். நீ கெழவி ஆனாலும் அதான் ஒன் பேரு.”

அதோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. திருச்சியில் இட்லி வாங்கினேன், சாப்பிடவில்லை. அரியலூரில் வடை வாங்கினேன், தொடவில்லை. ரயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். எதிர் சீட்டில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். “ஒன் பேரு என்ன பாப்பா?” என்றார். அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு முழுக்கதையையும் அவரிடம் சொன்னேன். பதினாறு வருஷம், முப்பதாம் நாள், மாநாடு, எல்லாவற்றையும். அவர் கேட்டு முடித்துவிட்டு, “அதுவரைக்கும் புள்ள பேரில்லாமலா இருக்கு?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலை மாநாடு. நகரத்துக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். வாசலில் எங்கள் ஊர் பேனரும் இருந்தது, நான் அடித்தது. எழுத்து நன்றாகவே வந்திருந்தது. பெண் குழந்தைகள் ஒரு வரிசை, ஆண் குழந்தைகள் ஒரு வரிசை. என்னைப் போலப் பத்துப் பன்னிரண்டு தகப்பன்மார் பெண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றோம். கைக்குழந்தைகள்தான் அதிகம். பள்ளிக்கூடம் போகும் வயதில் பெயரில்லாமல் நின்றது என் மகள் ஒருத்திதான். அதையும் நான் பெருமையாகத்தான் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

லிஸ்டில் முதல் பெயர் என்றார் மாவட்டம். நாங்கள் ஏழாவதாக நின்றோம். முதலில் நின்றது அவருடைய மகளின் குழந்தை. போகட்டும், பெரிய மனிதர் என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

தலைவர் வந்தார். மண்டபம் அதிர்ந்தது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எங்கள் முறை வந்தது. மேடையில் அவருக்கும் எனக்கும் ஒரு முழம் இடைவெளி. பதினாறு வருஷமாக அந்த ஒரு முழத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஒரு கவரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை என் கையில் கொடுத்துவிட்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மைக்கைப் பாப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

“பாப்பாவுக்குப் புதுப் பேரு வச்சாச்சு. சந்தோஷமா?”

பாப்பா மைக்கில் கத்தினாள். “வேணாம்! எனக்கு வேணாம்! எங்கிட்ட இருக்கு!”

மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். அப்போதுதான் அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். அழுத்தியே பொத்தினேன். சின்னப் பிள்ளை உளறுகிறது என்று யாரையோ பார்த்துச் சொன்னேன். கீழே இறங்கும்போது கேமராக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், “அந்த எடத்த எடிட்ல தூக்கிரலாம்” என்றது காதில் விழுந்தது.

ஓரமாகப் போய்க் கவரைப் பிரித்தேன். உள்ளே ஒரு அட்டை, அதில் தங்க நிறத்தில் ஒரு பெண் பெயர். நல்ல பெயர்தான். ஆனால் அந்த எழுத்து என் கண்ணில் உறுத்தியது. அது டைப் அடித்த எழுத்து இல்லை, ஆள் வைத்து வரைந்த எழுத்து. ஒரு குழந்தையின் பெயருக்கு யாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள். படத்தின் தலைப்புக்குத்தான் அப்படி வரைவார்கள். எனக்குத் தெரியாதா, எத்தனை படத்துக்கு பேனர் அடித்திருக்கிறேன்!

பக்கத்தில் இருந்தவரின் அட்டையை எட்டிப் பார்த்தேன். அதே பெயர். அவருக்கு அடுத்தவர் அட்டையிலும் அதே பெயர். ஆண் குழந்தைகளுக்கெல்லாம் வேறொரு பெயர், அத்தனைக்கும் ஒன்றே. எல்லாரையும் மறுபடி மேடைக்கு ஏற்றி, அட்டையைத் தூக்கிப் பிடித்து, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். நாங்கள் சொன்னோம். நானும் சொன்னேன். பின்னால் படுதா விலகியது. தலைவரின் அடுத்த படத்தின் பேனர், அதே பெயர், அதே தங்க எழுத்து. ஆண் பிள்ளைகளுக்கு வைத்தது படத்தில் தலைவர் ஏற்கும் வேஷத்தின் பெயராம். விளம்பரத்துக்கு எங்கள் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மாவட்டத்தைத் தேடிப் பிடித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்.

“அண்ணே, இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“என்ன தம்பி, பேரு நல்லாத்தானே இருக்கு?”

“தெரியுமா தெரியாதாண்ணே?”

“படக் கம்பெனிக்காரங்க புள்ளைங்க வேணும்னு கேட்டாங்க. ஒனக்கும் ஆச, அவங்களுக்கும் வேல முடிஞ்சது. இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு. ஒக்காரு, சாப்புடு.”

நான் உட்காரவில்லை. என் கல்யாணத்தில் எனக்குப் பரிமாறிய கை அது. நாலரை வருஷம் என் பிள்ளையைக் காக்க வைத்து, கடைசியில் ஒரு படத்துக்கு நடமாடும் போஸ்டராக நிறுத்திவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறது. அவர் பேத்தி எந்தப் பெயரை வாங்கினாலும் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, என் பிள்ளையை ஏன் இழுத்தார் என்றுதான் கேட்க நினைத்தேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக எழும்பூர் வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஊர் திரும்பும் ரயில். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான், எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. விருத்தாசலத்தில் இறங்குவதாகச் சொன்னார். வேகவைத்த கடலையை உரித்துப் பாப்பாவுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள் அவர் மடியில் போய் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷக் கணக்கெல்லாம் மனதில் ஓடியது. எத்தனை கட்-அவுட், எத்தனை பாலாபிஷேகம், எத்தனை பேரிடம் சண்டை, எல்லாம் ஒரு முழ தூரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு மனிதனுக்காக.

“ஒன் பேரு என்னடா தங்கம்?” என்றார் அந்த அம்மா.

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், “இன்னும் வைக்கலீங்க” என்றேன்.

ஜன்னல் கண்ணாடியில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். பாப்பா அந்த அம்மாவின் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோய், கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

“வச்சுருக்காங்களே!” என்று அந்த அம்மா சிரித்தார். “எம்புட்டு அழகான பேரு!” பெயரை வாய்விட்டு ஒரு தடவை சொன்னார்.

பாப்பா பதறிப்போய் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினாள். காலையில் நான் அவள் வாயைப் பொத்தினேனே, அதே மாதிரி அழுத்தி. “அப்பாவுக்குக் கேட்டுருச்சா?” என்று கிசுகிசுத்தாள்.

எனக்குக் கேட்டிருந்தது. நன்றாகக் கேட்டிருந்தது. நான் வெளியே பார்த்தபடியே இருந்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கேக்கலடா, அவரு வேடிக்கைல இருக்காரு” என்றார். விருத்தாசலத்தில் இறங்கும்போது மீதிக் கடலையைப் பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

என் மகளின் பெயரை ரயிலில் வந்த ஒரு அம்மாவின் வாயால் தெரிந்துகொண்டேன். மேடையில் “எங்கிட்ட இருக்கு” என்று அவள் கத்தியது உளறல் இல்லை. மனைவி ஒரு வருஷத்தோடு சண்டையை நிறுத்தியதும் வழிக்கு வந்ததால் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ என் மகளைக் கூப்பிட ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் ‘பாப்பா’ என்று மாற்றிக்கொண்டதெல்லாம் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. அரியலூரிலிருந்து திருச்சி வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மண்டபத்தில் பட்டது வெளியாள் செய்த துரோகம். இது என் வீட்டுக்குள்ளேயே என்னைச் சுற்றி நடந்திருக்கிறது. மடியில் கிடந்து தூங்கும் பிள்ளை வரைக்கும் எல்லாரும் கூட்டு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைத் திறந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தலைவர் என்ன பெயர் வைத்தார் என்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலை பாப்பா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வாயால் முதல் தடவை.

பிரஷ் கீழே விழுந்தது. வாயில் நுரையோடு ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். “நான் சொல்லலம்மா! அப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல! ரயில்ல அந்த அம்மாகிட்டதான் சொன்னேன்!”

மனைவி குழாயை மூடினாள். அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது.

“எத்தன பேருக்குத் தெரியும்?” என்றேன்.

“தடுப்பூசி போடுற நர்ஸம்மா, அங்கன்வாடி டீச்சரு, தெருவு பூராவும் தெரியும். ஆதாரும் எடுத்தாச்சு. ஒங்க தங்கச்சிதான் காதுல மூணு தரம் சொன்னுச்சு. அத்தைதான சொல்லணும்?”

“என் தங்கச்சியுமா?”

“நான் மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்ல வந்தேன். சொல்லாதன்னு கையக் காட்டுனீங்க. ஒரு வருசத்துக்குள்ள சர்டிபிகேட்ல ஏத்தணும்னாங்க, ஏத்திட்டேன். அட்டை எல்லாம் அலமாரிலதான் கெடக்கு, பூட்டி வைக்கலை. நீங்க எப்ப எடுத்துப் பாத்தீங்க?”

பார்த்ததில்லை. எத்தனை ஊசி போட்டார்கள், எங்கே போட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் விட மனசு வரவில்லை.

“அதுக்காகப் புள்ளையப் பொய் சொல்லவா பழக்குவ?”

“பொய் சொல்லச் சொல்லலை. அப்பாகிட்ட சொன்னா தலைவர்கிட்ட சொல்லிருவாரு, அவரு இந்தப் பேர எடுத்துட்டு வேற பேரு வச்சுருவாருன்னு சொன்னேன். சின்னப் புள்ளைக்கு வேற எப்புடிச் சொல்லுவேன்?”

“அப்ப எதுக்கு எங்கூட அனுப்புன?”

“நான் சொன்னா அடங்குவீங்களா? நேர்ல போயி ஒரு தடவ பாத்துட்டு வந்தாத்தான் அடங்குவீங்க. நீங்க என்னத்த வாங்கிட்டு வந்தாலும் ஒன் பேரு இதுதான்னு காதுல சொல்லித்தான் அனுப்புனேன். ஆனா நீங்க வர வரைக்கும் வாசல்லயேதான் ஒக்காந்திருந்தேன்.”

நாலரை வருஷம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்ததைக் கேட்க நினைத்தேன். அதற்குள் பாப்பா அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தாள். ரயிலில் அவள் கேட்ட கேள்விகளெல்லாம் அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. போலீஸைவிடப் பெரியவரா, சொன்னால் கேட்கத்தான் வேண்டுமா, மாற்றவே முடியாதா. ஒவ்வொன்றுக்கும் நான் மடியில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து ஆமாம் என்று சொல்லியிருந்தேன்.

“அப்பா.”

“என்னம்மா?”

“அவரு நம்ம வீட்டுக்கு வருவாரா?”

“எவரு?”

“என் பேரப் பிடுங்க வந்தாருல்ல, அவரு.”

“வர மாட்டாரு.”

அவள் நம்பவில்லை. வாயோரத்து நுரையை அம்மாவின் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள்.

“நீங்க என்னைய மறுபடியும் அவருகிட்ட கூட்டிட்டுப் போவீங்களா?”